தராசும் கண்ணும்: தோட்டக் கழகப் போட்டிகளில் மதிப்பீட்டு முறை வளர்ந்த வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தோட்டக் கழகங்கள் ஆண்டுதோறும் தம் உறுப்பினர்க்கெனச் சிறு கையேடு ஒன்றை அச்சிட்டு வழங்குகின்றன. கழகப் பொறுப்பாளர் பெயர், உறுப்பினர் முகவரி, மாதக் கூட்டங்களின் நாளும் இடமும், பேசுவோர் பெயர், பேசுபொருள், கழக விதிகள், அவ்வாண்டில் மேற்கொள்ளவிருக்கும் பொதுப்பணிகள் ஆகியன அதில் இடம்பெறும். அதனை அவர்கள் 'இயர்புக்' என்பர். இக்கட்டுரை அதனை ஆண்டேடு என்று குறிக்கிறது. கைப்பைக்குள் அடங்கும் இவ்வேட்டைப் போட்டிக்கு அனுப்பி, நடுவர் மதிப்பெண் இட, மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் நாட்டளவிலும் பரிசு பெறும் வழக்கம் அங்கு வேரூன்றியுள்ளது. பூவுக்கும் காய்க்கும் பரிசு வழங்குவது எங்கும் உள்ளதே. தோட்டத்தைப் பற்றிய ஏடே போட்டிப் பொருளாகித் தானும் ஒரு மலர்போல மேசைமேல் வைத்து மதிப்பிடப்படுவது எங்ஙனம் நேர்ந்தது? இவ்வினாவைப் பின்தொடர்ந்தால் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நெசவாளர் குடியிருப்புகளுக்கும் மதுச்சாலைகளுக்கும் சென்று சேர்கிறோம்.

தமிழாய்வாளர்க்கு இவ்வினா முற்றிலும் அயலானதன்று. நூலை அவையில் வைத்து மதிப்பிடும் அரங்கேற்ற மரபு நமக்குண்டு. நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் வரிசைப்படுத்தியுள்ளார். ஆயினும் எக்குற்றத்துக்கு எவ்வளவு கழிப்பது, எவ்வழகுக்கு எவ்வளவு கூட்டுவது என்று அவர் கூறவில்லை. அவ்விடத்தை அவையின் நுண்ணறிவுக்கு விட்டுவிட்டார். ஐரோப்பியத் தோட்டப் போட்டிகளின் வரலாறு பெரும்பாலும் அவ்விடத்தை எண்களால் நிரப்ப முயன்ற வரலாறேயாகும். இவ்வொப்பீட்டை இதற்குமேல் நீட்டுவது பொருந்தாது. இரண்டின் சூழலும் நோக்கமும் வேறு.

புளோரிஸ்ட் என்னும் சொல்

இன்று ஆங்கிலத்தில் 'புளோரிஸ்ட்' என்றால் பூக்கடைக்காரரைக் குறிக்கும். பதினேழாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை அச்சொல்லின் பொருள் வேறாக இருந்தது. உணவுக்கோ மருந்துக்கோ அன்றிப் பூவின் அழகை மட்டுமே கருதிச் சில குறிப்பிட்ட செடிகளை வளர்த்து, அவற்றைப் பிறருடைய பூக்களோடு ஒப்பிட்டுப் போட்டியிடுபவரே புளோரிஸ்ட் எனப்பட்டார். அவர் கைக்கொண்ட செடிகளும் வரையறுக்கப்பட்டவை. ஆரிகுலா, பாலியாந்தஸ், டூலிப், கார்னேஷன், பிங்க், அனிமோனி, ரனன்குலஸ், ஹையசிந்த் என்னும் எட்டும் அவற்றுள் தலையாயவை. காட்டுப்பூவோ பெருந்தோட்டத்து அயல்நாட்டு மரமோ அவர் பார்வைக்குள் வாரா.

இவர்கள் கூடி உண்டு மகிழ்ந்து பூக்களைக் காட்சிப்படுத்திய நிகழ்ச்சி 'புளோரிஸ்டுகளின் விருந்து' எனப்பட்டது. 1631ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் நார்விச் நகரில் நடந்த விருந்தில் ரால்ப் நெவெட் என்பார் இயற்றிய 'ரோடனும் ஐரிசும்' என்னும் முல்லைநில நாடகம் நடிக்கப்பட்டது. பூப்போட்டியின் வரலாற்றுக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக ஓர் இலக்கியப் படைப்பு அமைந்திருப்பது நோக்கத்தக்கது. அந்நாடகம் இல்லையேல் அவ்விருந்தைப் பற்றி நாம் அறிவதற்கு வழி குறைவு. நார்விச் அக்காலத்தில் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். நெதர்லாந்துப் பகுதியிலிருந்து சமயக் கொடுமைக்கு அஞ்சிக் குடிபெயர்ந்த நெசவாளர் பலர் அங்கு வாழ்ந்தனர். அவர்களே பூ வளர்ப்புக் கலையைக் கொணர்ந்தனர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது; அக்கூற்றுக்கு ஆவணச் சான்று போதாது என்று பின்வந்த ஆய்வாளர் கருதுவர். புளோரிஸ்டுகளின் சங்கங்களை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ரூத் டூதி இத்துறையில் முன்னோடியாவார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்விருந்துகள் ஊர்தோறும் பரவின. மதுச்சாலைகளே அவை நிகழும் களங்கள். சாலை உரிமையாளர் பரிசு தருவார். வருவோர் உண்பதாலும் குடிப்பதாலும் அவருக்கு வருவாய் வரும். செப்புக் கெண்டியே பலவிடங்களில் முதற்பரிசு. போட்டி நாளுக்கு முன்னரே அதனை மதுச்சாலை வாயிலில் தொங்கவிட்டு விளம்பரம் செய்வதும் உண்டு. நெசவாளர், சுரங்கத் தொழிலாளர், செருப்புத் தைப்போர் ஆகியோர் இவற்றில் மிகுதியாகப் பங்கேற்றனர். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகர நெசவாளர் பிங்க் மலரில் இதழோரம் சரிகை இட்டாற்போன்ற வகைகளை உருவாக்கினர். லங்காஷயர் நெசவாளர் ஆரிகுலாவில் புகழ்பெற்றனர். தறி வீட்டிலேயே இருந்ததால் பகலில் இடையிடையே எழுந்துசென்று செடியைக் கவனிக்க அவர்களுக்கு இயன்றது. தொழிற்சாலைச் சங்கு ஒலிக்கத் தொடங்கியபின் அவ்வாய்ப்பு குறைந்தது. அக்கால லங்காஷயர் மதுச்சாலைகளில் தொழிலாளர் தாவரவியல் பயின்றதை ஆன் சிகார்ட் 1994இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. தாவரவியலாளர் குழுவும் புளோரிஸ்டுகள் குழுவும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் மதுச்சாலை மேசை பொதுவானது.

ஊசியும் நூல்நுனியும்

நடுவர் மதிப்பீடு எத்துணை நுட்பமாக இருந்தது என்பதற்கு ஆரிகுலாவும் பாலியாந்தசும் சான்று. இவ்விரு செடிகளிலும் பூக்கள் இருவகைப்படும். ஒருவகையில் சூல்தண்டு நீண்டு, உருண்டையான சூல்முடி அல்லிக்குழலின் வாயில் ஊசித்தலைபோலத் தெரியும். மற்றொரு வகையில் சூல்தண்டு குட்டையாகி உள்ளே மறைய, மகரந்தப்பைகள் வாயை நிறைத்து நிற்கும். முன்னதைப் 'பின்-ஐடு' என்றும் பின்னதைத் 'திரம்-ஐடு' என்றும் புளோரிஸ்டுகள் பெயரிட்டனர். பின்-ஐடு மலர் எத்துணை அழகாயினும் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. குழலின் வாய் வெறுமையாகத் தோன்றுவது குற்றம் என்பதே அவர்தம் தீர்ப்பு.

இவ்விருவகைப் பூக்களும் ஒன்றோடொன்று மகரந்தம் மாற்றிக்கொள்ளவே அமைந்தவை என்பதைச் சார்ல்ஸ் டார்வின் 1862இல் வெளியிட்ட ஆய்வுரையில் நிறுவினார். பின்னர் 1877இல் இது குறித்து விரிவான நூலொன்றும் எழுதினார். அந்நூலில் புளோரிஸ்டுகள் இவ்வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். 'திரம்' என்ற சொல்லுக்கு அவர் தரும் விளக்கம் மொழியாய்வாளர்க்குச் சுவையானது. நெய்த துணியைத் தறியிலிருந்து அறுத்தெடுத்தபின் எஞ்சி நிற்கும் பாவு நூல் நுனிகளே திரம். பாலியாந்தஸ் வளர்த்த நெசவாளர் ஒருவரே இப்பெயரைப் படைத்திருக்கக்கூடும் என்பது டார்வின் ஊகம். தறியில் நாள்தோறும் கண்ட நூற்கற்றையைப் பூவின் வாயிலும் கண்டவர் அவர். போட்டி விதியில் இடம்பெற்ற ஒரு தொழிற்சொல், அவ்விதியை ஆக்கியோர் யாவர் என்பதைச் சான்றிதழ்போலக் காட்டி நிற்கிறது.

செடிக்கு இருவகைப் பூக்களும் தேவை. போட்டிக்கு ஒருவகை போதும். மதிப்பீடு எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க மறுக்கிறது என்ற வினா இங்கேயே தொடங்கிவிடுகிறது.

நோயும் நிறைவும்

டூலிப் மலரின் வரலாறு இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகிறது. ஆங்கிலப் புளோரிஸ்டுகளின் டூலிப் விதையிலிருந்து முளைத்துப் பூக்கும்போது ஒரே நிறத்ததாக இருக்கும். அதனைத் தாய்மலர் எனலாம். பல ஆண்டுகள் கழித்து, யாரும் எதிர்பாரா ஒரு வேனிற்பருவத்தில், அந்நிறம் உடைந்து வெண்மையின்மீதோ மஞ்சளின்மீதோ சிறகுபோன்றும் சுடர்போன்றும் கோடுகள் தோன்றும். இம்மாற்றத்துக்காக வளர்ப்போர் தவமிருந்தனர். மண்ணை மாற்றினர், கிழங்கை இடம் மாற்றினர், பயன் கிட்டவில்லை. உடைந்த மலரே பரிசுக்குரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலர்களின் இலக்கணத்தை எழுத்தில் வடிக்கும் முயற்சி பெருகியது. அதில் முதன்மையானவர் ஜார்ஜ் கிளென்னி (1793–1874). பத்திரிகையாளரும் பூ வளர்ப்பாளருமான இவர் ஒவ்வொரு மலருக்கும் உரிய பண்புகளை வரிசைப்படுத்தி வெளியிட்டார். வட்டமும் அரைக்கோளமும் அவருடைய அளவுகோல்கள். இதழோரம் வெட்டுப்படாதிருத்தல், அடிப்பகுதி மாசற்ற வெண்மையாகவோ தெளிந்த மஞ்சளாகவோ இருத்தல் ஆகியவற்றை அக்கால நடுவர் வலியுறுத்தினர். இங்கிலாந்தின் வடபுலத்தார் கோடுகளின் தூய்மையையும் தென்புலத்தார் மலரின் வடிவத்தையும் பெரிதும் போற்றியதால் நடுவரிடையே பூசல் ஓயவில்லை. கிளென்னி தாமும் பூசலுக்கு அஞ்சியவரல்லர். வரையறை எழுத்தில் வந்தால் வழக்கு குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. இங்கு அது வழக்கை அச்சேற்றியதோடு நின்றது.

1928ஆம் ஆண்டு ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தைச் சேர்ந்த டோரதி கேலி, டூலிப் கிழங்குகளை ஒட்டுக்கட்டி நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டார். உடைந்த மலரின் தன்மை ஒரு கிழங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிறது என்பது அவர் கண்டது. அதற்குக் காரணம் நச்சுயிரி என்பதும், அதனைச் செடிக்குச் செடி பரப்புவது அசுவினிப் பூச்சி என்பதும் தெளிவாயின. மூன்று நூற்றாண்டுகளாக நடுவர் நிறைவின் உச்சம் எனக் கருதியது உண்மையில் நோயின் அறிகுறி. நோயுற்ற கிழங்கு நலிந்து, கிளைக்கிழங்குகளைக் குறைவாகவே ஈனும். இருந்தும் அம்மதிப்பீட்டை எள்ளி ஒதுக்க இயலாது. 1836இல் தோன்றியதாகக் கூறப்படும் வேக்ஃபீல்டு, வட இங்கிலாந்து டூலிப் சங்கம் இம்மலர்களைத் தொடர்ந்து பேணி, பழுப்புநிறப் பீர்ப் புட்டிகளில் ஒவ்வொன்றாகச் செருகிக் காட்சிக்கு வைத்துவருகிறது. நோய் என்று அறிந்தபின்னும் கோடுகளின் அழகு அவர்களுக்குக் குறையவில்லை. மதுச்சாலை மேசையின் நினைவும் அப்புட்டியில் இருக்கிறது.

கூஸ்பெர்ரி: தராசின் தீர்ப்பு

கண்ணால் காணும் தீர்ப்பு இவ்வாறு வழக்குக்குள்ளாக, அதே மாவட்டங்களில் அதே வகுப்பினரிடையே வேறொரு போட்டி வழக்குக்கு இடமின்றி வளர்ந்தது. அது கூஸ்பெர்ரிப் போட்டி. இங்கு ஒரு மொழிபெயர்ப்புத் தெளிவு தேவை. நாம் நெல்லிக்கனியை ஆங்கிலத்தில் 'இந்தியன் கூஸ்பெர்ரி' என்பதால் கூஸ்பெர்ரியை நெல்லி என்று பெயர்த்துவிடுகிறோம். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துத் தாவரங்கள். ஐரோப்பியக் கூஸ்பெர்ரி ரைபிஸ் இனத்தைச் சார்ந்த முட்புதர். கனியின் மெல்லிய தோலுள் சாறும் சிறு விதைகளும் நிறைந்திருக்கும். அதியமான் ஒளவைக்கு ஈந்த கனியோடு இதனை இணைப்பது பிழை. ஆகவே இக்கட்டுரையில் கூஸ்பெர்ரி என்ற சொல்லே ஆளப்படுகிறது.

லங்காஷயர், செஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர் ஆகிய பகுதிகளில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கூஸ்பெர்ரிச் சங்கங்கள் பெருகின. வடிவமோ நிறமோ சுவையோ அங்கு வெற்றியை முடிவு செய்யவில்லை. எடை ஒன்றே முடிவு செய்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என நிறத்தால் பிரிவுகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவிலும் மிகக் கனமான கனிக்குப் பரிசு. எடையிடப் பயன்பட்டது பொற்கொல்லர் பயன்படுத்தும் டிராய் நிறை. 24 கிரெய்ன் ஒரு பென்னிவெயிட்; 20 பென்னிவெயிட் ஓர் அவுன்சு. ஒரு கிரெய்ன் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். கூலித்தொழிலாளியின் புறக்கடையில் விளைந்த கனி தங்கத்துக்குரிய தராசில் ஏறியது.

வளர்ப்புமுறை கடுமையானது. புதரில் கிளைகளை வெட்டி வெட்டிச் சிலவற்றையே விடுவர். கனிகளையும் அவ்வாறே களைந்து ஒன்றிரண்டை மட்டும் பேணுவர். கனியின் கீழே சிறு தட்டில் நீர் வைத்து, அதன் நுனி மட்டும் நீரைத் தொடுமாறு செய்யும் முறையும் இருந்தது. பாலூட்டல் எனப் பொருள்படும் சொல்லால் அதனைக் குறித்தனர். இதனைத் தோட்டக்கலைக் கலைக்களஞ்சியம் எழுதிய ஜான் கிளாடியஸ் லவுடனும் குறிப்பிட்டுள்ளார். போட்டிக்கு முந்தைய நாளில் பெருமழை பெய்தால் கனி நீர் உறிஞ்சித் தோல் வெடித்துவிடும். வெடித்த கனி தராசேறாது. ஆகவே ஜூலை இறுதியின் வானத்தை அவ்வூரார் உழவரினும் அச்சத்தோடு நோக்கினர். செஷயர்ச் சங்கங்களில் இன்னும் ஒரு கட்டுப்பாடு உண்டு: கனியை முதல்நாள் மாலையில் மற்றோர் உறுப்பினர் கண்முன் பறித்துப் பெட்டியிலிட்டு முத்திரை வைக்கவேண்டும். தராசில் கள்ளம் செய்வது அரிது. கொடியில் கள்ளம் செய்யலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இப்போட்டிகளின் முடிவுகளைத் தொகுத்து ஆண்டுதோறும் அச்சிட்ட சிறுநூலே 'கூஸ்பெர்ரி வளர்ப்போர் பதிவேடு'. இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னார் வளர்த்த, இன்ன பெயருடைய கனி, இவ்வளவு பென்னிவெயிட், இவ்வளவு கிரெய்ன் என்பதே அதன் உள்ளடக்கம். உரைநடை என்று சொல்லத்தக்கது அதில் மிகக் குறைவு. 1845ஆம் ஆண்டுப் பதிவேட்டில் மட்டும் 171 காட்சிகளின் விவரம் அடங்கியுள்ளது. 1862ஆம் ஆண்டுப் பதிவேடு, வெவ்வேறு காலங்களில் பரிசு பெற்ற 243 வகைகளைக் குறிக்கிறது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்று வேளைகளில் மட்டுமே தேவாலய ஏட்டில் பெயர் எழுதப்பெற்ற எளிய மனிதர்க்கு, தாம் வாழும் காலத்திலேயே, தாம் செய்த ஒன்றின் பொருட்டுப் பெயர் அச்சேறும் இடமாக இப்பதிவேடு இருந்திருக்கிறது. எம் கருத்தில் செப்புக் கெண்டியினும் இதுவே பெரிய பரிசு.

இவ்வேட்டின் அருமையை உணர்ந்தவர் டார்வின். 1868இல் வெளிவந்த 'வளர்ப்புயிர்களிலும் வளர்ப்புத் தாவரங்களிலும் தோன்றும் மாற்றங்கள்' என்ற நூலில் அவர் இந்த எடைகளைக் கால வரிசையில் அடுக்குகிறார். காட்டுக் கூஸ்பெர்ரி ஏறத்தாழ 5 பென்னிவெயிட். 1786ஆம் ஆண்டளவில் 10. 1817இல் 26 பென்னிவெயிட் 17 கிரெய்ன். 1825இல் 31 பென்னிவெயிட் 16 கிரெய்ன். 1844இல் 'லண்டன்' என்னும் வகை 35 பென்னிவெயிட் 12 கிரெய்னை எட்டியது. 1852இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் அதே வகை 37 பென்னிவெயிட் 7 கிரெய்ன் நிறுத்தது. இன்றைய அளவில் அது ஏறத்தாழ 58 கிராம். காட்டுக்கனியைப்போல ஏழு மடங்குக்கும் மேல். உரமும் கிளை வெட்டலும் ஓரளவு துணைசெய்திருக்கலாமெனினும், தலைமுறை தலைமுறையாகச் சிறந்த நாற்றுகளைத் தேர்ந்து வந்ததே இவ்வளர்ச்சிக்குத் தலையாய காரணம் என்பது அவர் முடிவு. பின்வந்த பதிப்பில், 1875 வரை 'லண்டன்' தன் 1852ஆம் ஆண்டு எடையைக் கடக்கவில்லை என்பதையும், புதிய வகை தோன்றினாலன்றி இனி வளர்ச்சி இராது போலும் என்பதையும் சேர்த்தார்.

இங்கு ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். ஆரிகுலாப் போட்டிகளும் டூலிப் போட்டிகளும் கூஸ்பெர்ரிப் போட்டிகளைப்போலவே தொன்மையும் பரப்பும் உடையவை. அவற்றின் நடுவர்கள் கூர்த்த கண்ணினர். ஆயினும் 1786ஆம் ஆண்டின் சிறந்த ஆரிகுலாவையும் 1852ஆம் ஆண்டின் சிறந்த ஆரிகுலாவையும் ஒப்பிட்டுக் கூற அத்தீர்ப்புகளால் இயலாது. 'முதற்பரிசு' என்ற சொல் அந்நாளோடு, அந்த மேசையோடு முடிந்துவிடுகிறது. எடையோ ஊர் கடந்து, ஆண்டு கடந்து, தன்னை நிறுத்தவரின் பெயரையும் கடந்து நிற்கிறது. படிமலர்ச்சிக் கொள்கைக்கு மதுச்சாலைத் தராசு சான்றளித்தது எவரும் திட்டமிட்டதன்று. எண் எழுதி வைக்கப்பட்டது என்பதால் நேர்ந்தது.

அதற்குரிய விலையும் உண்டு. சுவை தராசில் ஏறுவதில்லை. உண்பதற்காக மனிதன் வளர்க்கத் தொடங்கிய கனி, உண்பதற்கு எத்தகையது என்ற வினாவே எழாத போட்டியில் பெருத்துக்கொண்டே போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல்நோய் இங்கிலாந்தின் கூஸ்பெர்ரித் தோட்டங்களைச் சீரழித்தது. முதல் உலகப்போர் பல சங்கங்களைக் கலைத்தது. யார்க்ஷயரின் எக்டன் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் 1800இல் தொடங்கிய காட்சி மட்டும், செஷயரின் சில ஊர்களோடு, தப்பிப் பிழைத்தது. ஆகஸ்டு மாதத்து முதற் செவ்வாயன்று கூடும் அக்காட்சியில் 2019ஆம் ஆண்டு நிறுக்கப்பட்ட கனியொன்று 64.83 கிராம் எடையுடன் உலகச் சாதனையாயிற்று. 1852ஆம் ஆண்டின் கனியைவிட அது ஏழு கிராம் அளவே கூடுதல். 66 ஆண்டுகளில் 15 கிராமிலிருந்து 58 கிராமுக்கு ஏறிய கனி, அடுத்த 167 ஆண்டுகளில் ஏறியது இவ்வளவே. எல்லை நெருங்கிவிட்டதென்ற டார்வின் கணிப்பு பெரிதும் மெய்யாயிற்று எனலாம்.

குழுவின் கண்

1804இல் லண்டனில் தொடங்கப்பட்டு 1861இல் அரசப் பட்டயம் வழியாக 'ராயல்' என்ற அடைபெற்ற தோட்டக்கலைச் சங்கம் வேறொரு வகுப்பாரின் அமைப்பு. நிலக்கிழார்களும் அறிவியலாளரும் அதில் இருந்தனர். செடி வளர்த்தவர் பெரும்பாலும் அவர்தம் கூலித் தோட்டக்காரர். இச்சங்கம் தனி நடுவருக்கு மாற்றாகக் குழுவை அமர்த்தியது. 1859 முதல் புதிய செடிகளுக்கு முதல்தரச் சான்றிதழ் வழங்கியது. இதன் காட்சிகளில் தங்கம், வெள்ளி, வெண்கலம் எனப் பதக்கங்கள் வழங்கப்பட்டபோதிலும் அவை ஓட்டப்பந்தயத்தில்போல ஒருவர்க்கொன்று என்ற வரையறை உடையன அல்ல. தரத்தை எட்டியோர் பலராயின் பலர்க்கும் தங்கம். எவரும் எட்டாவிடின் எவர்க்கும் இல்லை. போட்டியாளரைப் போட்டியாளரோடு ஒப்பிடுவதை விடுத்து, ஒவ்வொருவரையும் ஒரு தரத்தோடு ஒப்பிடும் முறை இது. காய்களுக்கும் கனிகளுக்கும் அச்சங்கம் வெளியிட்ட நடுவர் கையேடு, ஒரு காய் வளர்த்தற்கு எத்துணை அரிது என்பதற்கேற்ப மொத்த மதிப்பெண்ணையே மாற்றியமைக்கிறது. அரிய காய்க்கு 20 என்றால் எளிதில் விளையும் சிறு முள்ளங்கிக்கு 10 தான். விளைந்த பொருளோடு விளைவித்த உழைப்பையும் எண்ணுக்குள் கொணர முயன்ற இம்முறை, நடுவர்முறை வரலாற்றில் குறிப்பிடத்தக்க நகர்வு.

இவ்வமைப்பின் நிழல் இந்தியாவிலும் விழுந்தது. வில்லியம் கேரி 1820இல் கல்கத்தாவில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். சென்னையில் அத்தகைய சங்கம் 1835இல் தோன்றியது. உதகமண்டல மலர்க்காட்சி 1896இல் தொடங்கியது. இவற்றின் போட்டி ஆவணங்கள் தனி ஆய்வுக்குரியவை.

ஏடு போட்டிப் பொருளாதல்

அமெரிக்காவில் 1891ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் பன்னிரு பெண்கள் கூடித் தொடங்கிய கழகமே அந்நாட்டின் முதல் தோட்டக் கழகம் எனப் போற்றப்படுகிறது. 1913இல் 'கார்டன் கிளப் ஆஃப் அமெரிக்கா' பிலடெல்பியாவில் உருவாயிற்று. 1929இல் 13 மாநிலக் கூட்டமைப்புகள் வாஷிங்டனில் கூடித் தேசிய அவை ஒன்றை நிறுவின. அதுவே பின்னர் 'நேஷனல் கார்டன் கிளப்ஸ்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. இங்கிலாந்தில் நெசவாளரும் சுரங்கத் தொழிலாளருமாகிய ஆடவர் மதுச்சாலையில் செய்ததை, இங்கு நடுத்தர, மேல்தட்டுப் பெண்கள் வரவேற்பறையில் செய்தனர். ஒரு வேறுபாடு முதன்மையானது. இப்பெண்கள் நடுவராதலையே ஒரு கல்வியாக்கினர். பாடங்கள், தேர்வுகள், பயிற்சித் தீர்ப்புகள் ஆகியவற்றைக் கடந்தே ஒருவர் நடுவராகலாம். மலர்க்காட்சியில் வைப்பவர் பெயர் அட்டையில் மறைக்கப்பட்டிருக்கும். நூற்றுக்கு 90 மதிப்பெண் பெறாத மலருக்கு, அப்பிரிவில் அதுவே சிறந்ததாயினும், முதற்பரிசுக்குரிய நீலப்பட்டை கிடைப்பதில்லை. வீட்டுக்கு வெளியே பணியும் பதவியும் அரிதாயிருந்த தலைமுறைக்கு இப்பயிற்சி தந்த தன்மதிப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

பூவை நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பிடப் பழகிய கை, கழகத்தையே மதிப்பிட முற்பட்டது இயல்பு. ஆனால் கழகத்தின் ஓராண்டு வாழ்வை மேசைமேல் வைப்பது எப்படி? ஆண்டேடு அதற்கு விடையாயிற்று. மதிப்பெண் அட்டவணைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், காலந்தோறும் மாறும். ஆயினும் அவற்றின் போக்கு ஒன்றே. உறுப்பினர் எண்ணிக்கையால் கழகங்களைப் பிரிப்பர். இருபதின்மர் கழகம் இருநூற்றுவர் கழகத்தோடு மோத நேராது. நாள், நேரம், இடம், பேசுவோர் பெயர் ஆகியன ஒவ்வொரு கூட்டத்துக்கும் தெளிவாக உள்ளனவா என்று பார்ப்பர். நிகழ்ச்சிகள் ஒன்றையே சுற்றாமல் செடி வளர்ப்பு, மலர் அமைப்பு, இயற்கைப் பாதுகாப்பு, ஊர்ப்பணி எனப் பரந்துள்ளனவா என்று பார்ப்பர். கூட்டமைப்பு வலியுறுத்தும் திட்டங்கள் இடம்பெற்றனவா, விதிகள் அச்சிடப்பட்டனவா, தேடியது எளிதில் கிடைக்குமா என்பனவும் கணக்கில் வரும். அட்டையின் அழகு போன்றவற்றுக்கு உரிய பங்கு சிறிது.

இவ்வரிசையில் ஒரு புதுமை மறைந்துள்ளது. கூஸ்பெர்ரிப் பதிவேடு நடந்து முடிந்ததை எழுதியது. அமெரிக்க ஆண்டேடு நடக்கவிருப்பதை எழுதுகிறது. பதிவேட்டில் தராசு முதலில், எழுத்து பிறகு. ஆண்டேட்டிலோ எழுத்தே தராசில் ஏறுகிறது. செப்டம்பரில் அச்சான ஏட்டில் மார்ச்சு மாதக் கூட்டத்துக்குச் சிறந்த பொருளும் சிறந்த பேச்சாளரும் குறிக்கப்பட்டிருந்தால் மதிப்பெண் உண்டு. மார்ச்சில் பனி பெய்து கூட்டம் நடவாது போயினும் ஏட்டில் எதுவும் மாறுவதில்லை. மறுபுறம், ஓராண்டு முழுதும் மண்ணில் பாடுபட்டுப் பள்ளித் தோட்டமொன்றை உயிர்ப்பித்த கழகம், அதனை ஏட்டில் முன்கூட்டி எழுதாதிருந்தால் அவ்வுழைப்பு நடுவர் கண்ணுக்கு எட்டாது. திரம்-ஐடு மலர் போல இங்கும் ஒருவகை விரும்பப்பட்டு மற்றது விலக்கப்படுகிறது. எனினும், அடுத்த ஆண்டை முன்கூட்டி எண்ணி எழுதச் செய்வதால் கழகங்கள் ஒழுங்குபட்டன என்ற வாதமும் வலுவுடையதே. எழுதப்படாதிருந்தால் அக்கூட்டங்களுள் பல நடந்தே இரா. ஆண்டேட்டை வெறும் தாள்வேலை என்று ஒதுக்குவோரோடு எமக்கு உடன்பாடில்லை.

இன்று அவ்வேடுகள் நூலகங்களிலும் ஊர் வரலாற்றுக் காப்பகங்களிலும் சேர்ந்துள்ளன. மதிப்பெண் பெறுவதற்காக ஒழுங்காக எழுதப்பட்ட உறுப்பினர் பட்டியலே அவற்றில் வரலாற்றாய்வாளர்க்குப் பெரிதும் பயன்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அப்பட்டியல்களில் பெண்கள் தம் பெயரால் குறிக்கப்படவில்லை. கணவர் பெயரின்முன் 'திருமதி' என்ற அடையோடு குறிக்கப்பட்டனர். முகவரியும் அவர் வீட்டு முகவரியே. தன் ரோஜாவுக்கு நீலப்பட்டை பெற்றவரின் இயற்பெயரை அறிய வேண்டுமாயின் திருமணப் பதிவையோ கல்லறைக் கல்லையோ தேட வேண்டியுள்ளது. பட்டியலில் இல்லாதோரும் உளர். நிறவேற்றுமை நிலவிய மாநிலங்களில் கறுப்பினப் பெண்களுக்கு இக்கழகங்களின் கதவு மூடியிருந்தது. வர்ஜீனியாவில் 1932இல் ஹாம்ப்டன் கல்வி நிறுவனத்தை ஒட்டி அவர்களுக்கெனத் தனிக் கூட்டமைப்பு தோன்றியது. அவர்களும் கூடினர், மலர்க்காட்சி நடத்தினர், தமக்குள் பரிசு வழங்கினர். லங்காஷயர் நெசவாளியின் பெயர் 1845ஆம் ஆண்டுப் பதிவேட்டில் அவன் நிறுத்த கனியின் பெயரோடு அடுத்தடுத்து இருக்கிறது. நூறாண்டுக்குப் பின், அழகிய தாளில், பிழையற அச்சிட்டு, உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஆண்டேடுகளில் பெயரைத் தேடுவோர், கணவர் பெயர்களின் நீண்ட நிரலைப் புரட்டிக்கொண்டிருக்கின்றனர்.